பியோவின் எண்

மே சோட், தாய்லாந்து
மே 18

அன்புள்ள நுவே அக்காவுக்கு,

தஸின் எழுதுகிறேன். எனக்கு உடம்பு தேவலை. உனக்கும் அம்மாவுக்கும் எப்படி இருக்கிறது? அம்மாவின் மூட்டுவலிக்கு ஒரு புட்டி தைலம், எல்லைக்கு இங்கும் அங்குமாகக் கருவாடு விற்கப் போய்வரும் டோ ஸான் யி அம்மாளிடம் கொடுத்திருக்கிறேன். கடிதமும் அவருடைய கருவாட்டுக் கூடையில்தான் வருகிறது, நாற்றத்தைப் பொறுத்துக்கொள். சாவடிகளில் சிப்பாய்கள் எல்லோருடைய ஃபோனையும் பிடுங்கித் துழாவுகிறார்கள். கருவாட்டுக்குள் கைவிட மட்டும் எவனுக்கும் மனசு வருவதில்லையாம்.

இங்கே ஒரு ஸ்வெட்டர் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் என்று யாரிடமும் சொல்லவில்லை. வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களை ஒன்றுசேர்த்தவள் என்று நிச்சயமாகச் சொல்லவில்லை.

தம்பி பியோவைப் பற்றி ஏதாவது தெரிந்ததா? பாலத்துச் சாவடியில் அவனை இறக்கிக்கொண்டு போனபோது அவன் ஃபோனும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. நம் எல்லோர் ஃபோனிலும் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். "நடுவுல யாராலயும் படிக்க முடியாது, ஒரு வாரத்துல தானா அழிஞ்சும் போயிடும், நீங்க நிம்மதியா அரட்டை அடிங்க" என்பான். நடுவில் படிக்க முடியாதுதான். ஆனால் ஃபோனையே கையில் வைத்திருப்பவன் நடுவில் இல்லையே அக்கா, அவன் நேர் எதிரே அல்லவா உட்கார்ந்திருக்கிறான்! அதனால் உன் ஃபோனிலும் அம்மா ஃபோனிலும் அதை எடுத்துவிடு. சாதாரணமாகக் கூப்பிடவும் வேண்டாம், என்னைத் தேடுகிறவர்கள் உன் எண்ணை ஒட்டுக்கேட்பார்கள். இனி நமக்குள் காகிதம் மட்டும்தான்.

அம்மாவை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

உன் தங்கை
தஸின்


மண்டலே
ஜூன் 20

தஸினுக்கு,

நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது உனக்காகக் கேட்டுக்கொள்கிறேன். தைலம் வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டு, "தாய்லாந்துல இதுக்குப் பேரு தைலமா? நம்ம கடுகெண்ணெயே தேவலை" என்றாள். ஆனால் புட்டியைத் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறாள்.

என் ஃபோனில் ஆப்பை எடுத்துவிட்டேன். அம்மா விடவில்லை. பியோவைப் பிடித்துக்கொண்டுபோன அந்த வாரத்தில் அவன் அனுப்பியிருந்தவை ஒவ்வொன்றாக அழிந்துபோயின, உனக்குத் தெரியாது. அம்மா ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். கடைசியில், "வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்ற ஒரே வரி மிஞ்சியது. அவன் அதை அனுப்பியபோது அடுப்பில் வேலையாக இருந்ததால் அவள் பதில் போடாமல் விட்டிருக்கிறாள். மறுநாள் அதுவும் போய்விட்டது. இப்போதும் காலையில் அந்த வெற்றுத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறாள். அரைத் தட்டு சோறு கூட இறங்குவதில்லை.

போன வாரம் தையல் கடைக்கு ஒரு ஆள் வந்தார். கோ துன் என்று பெயர். சட்டை தைக்க வேண்டும் என்றார். அளவெடுக்க முதுகில் நாடாவை வைத்தபோது துள்ளி விலகிவிட்டார். வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தேநீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

பியோவைப் பற்றி எழுதும்படி ஒன்றும் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. நனையாதே.

நுவே


மே சோட்
ஜூலை 11

அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். "எழுதும்படி ஒன்றும் இல்லை" என்றால் என்ன அர்த்தம்? செய்தி இல்லையா, இருந்தும் எழுத முடியாததா? கோ துன் யார்? உள்ளே இருந்து வந்தவரா? ஒரு சட்டை தைக்கக் கொடுத்தவரைப் பற்றி நீ இத்தனை வரி எழுத மாட்டாயே.

டோ ஸான் யி கிளம்பிவிட்டார், கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று கத்துகிறார். உடனே பதில் எழுது.

தஸின்


மண்டலே
ஆகஸ்ட் 9

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். இந்தத் தடவை அதைச் சம்பிரதாயத்துக்காக எழுதவில்லை. அம்மா சாப்பிடுகிறாள்! நேற்று மீன்குழம்பு நூடுல்ஸ் கேட்டு வாங்கி இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். பக்கத்து வீட்டுக்காரியோடு குழாயடியில் சண்டை போட்டாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை மாதமாயிற்று என்று நான் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தொலைந்துபோன டிரங்குப்பெட்டிச் சாவியும் கிடைத்துவிட்டது. புத்தர் மாடத்துக் கடிகாரத்தின் பின்னால் இருந்தது.

கோ துன் சட்டையை வாங்க வரவில்லை. தைத்து முடித்து மாட்டியிருக்கிறேன். காற்றடிக்கும்போது அதன் கைகள் அசைகின்றன. மடித்து உள்ளே வைக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன்.

ஸ்வெட்டர் பஞ்சு மூச்சில் போகாமல் மூக்கில் துணி கட்டிக்கொள்.

நுவே


மே சோட்
ஆகஸ்ட் 29

அக்கா,

நலம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

இங்கே அறையில் கூட இருக்கும் பெண் தன் பிள்ளைகளோடு பேச அதே ஆப்பைத்தான் வைத்திருக்கிறாள். நானும் ஒரு தாய்லாந்து எண் வாங்கி என் ஃபோனில் போட்டேன். உள்ளே நுழைந்ததும், தெரிந்தவர்கள் பட்டியலில் முதலில் வந்த பெயர் பியோ. அன்று காலைதான் வந்துபோனதாகக் காட்டியது. ஃபோனைக் கட்டிலில் எறிந்துவிட்டேன்.

அம்மா ஃபோனைப் பார். அவன் பக்கத்தைத் திறந்தால் நடுவில் சின்னதாக, பாதுகாப்பு எண் மாறிவிட்டது என்று ஒரு வரி இருக்கிறதா? இருந்தால், அவன் எண்ணை வேறு யாரோ வேறொரு ஃபோனில் போட்டு ஓட்டுகிறார்கள் என்று அர்த்தம். அம்மா அவனுக்கு ஏதாவது அனுப்புகிறாளா? பதில் வருகிறதா? என்னைப் பற்றி யாராவது கேட்டார்களா?

இருக்கிறது, இல்லை என்று ஒரே வார்த்தை எழுதினால் போதும்.

தஸின்


மண்டலே
செப்டம்பர் 17

அன்புள்ள தஸின்,

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே ஆறு கரையைத் தொட்டு ஓடுகிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். தையல் மிஷினைக் கட்டில்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். அம்மா நன்றாக இருக்கிறாள்.

நீ பயப்படும்படி எதுவும் இல்லை. அந்த ஆப்பைத் திறக்காதே. எனக்காக இதைச் செய்.

ஊறவைத்த தேயிலை ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன், பூண்டு வறுத்துப் போட்டுச் சாப்பிடு.

நுவே


மே சோட்
அக்டோபர் 3

அக்காவுக்கு,

தேயிலை கிடைத்தது. நீயும் அம்மாவும் நன்றாக இருக்க வேண்டும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை. யாரோ உன் தோளுக்குப் பின்னால் நின்று நீ எழுதுவதைப் படிக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அதனால் நானே கேட்டுப் பார்த்தேன். பியோவின் எண்ணுக்கு எழுதினேன்: "தம்பி, நீதானா? நீதான்னா சொல்லு, என் முழங்கைல தழும்பு எப்படி வந்துச்சு?"

படிக்கட்டில் விழுந்தேன் என்றுதான் வீட்டில் உங்களுக்கெல்லாம் சொன்னோம். உண்மை எனக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். வெகுநேரம் பதில் இல்லை. பிறகு வந்தது: "தண்ணித் திருவிழாவுல லாரிலேருந்து நான்தான் தள்ளிவிட்டேன்."

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன் அக்கா, அழுதேன். உயிரோடு இருக்கிறான்! "எங்கடா இருக்கே? நான் வரேன்" என்று அனுப்பினேன். உடனே பதில்: "வராதே. நான் பியோ இல்லை. நுவே."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவன் அவர்களிடம்தான் இருக்கிறான். அந்தத் தழும்பின் கதையை அடித்துத்தான் வாங்கியிருப்பார்கள். நான் வருவேன் என்று சொன்னதும் குழப்புவதற்கு, அந்தக் கதையே தெரியாத உன் பெயரைப் போடுகிறார்கள்; வராதே என்றால்தான் வருவேன் என்று கணக்கு. அடுத்தடுத்து அழைப்பு வந்தது, எடுக்கவில்லை. சிம்மை உடைத்துச் சாக்கடையில் போட்டேன்.

அவர்களுக்கு வேண்டியது நானும் எனக்குத் தெரிந்த ஆசிரியர்களின் பெயர்களும். பெயர்களைக் கொடுக்க மாட்டேன். என்னைக் கொடுக்கலாம். தேடுகிற ஆள் தானாக வந்து நின்றால் அடிபட்ட ஒரு பையனை விட்டுவிடுவார்கள் என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். பௌர்ணமி விளக்குத் திருநாள் முடிந்த மறுநாள் எல்லை ஆற்றைக் கடக்கிறேன். அம்மாவிடம் சொல்லாதே.

உங்களை விட்டு வந்ததிலிருந்து ஒரு நாளும் முழுசாக இங்கே இருந்ததில்லை.

தஸின்


மண்டலே
அக்டோபர் 7

தஸின், தஸின்,

கடக்காதே. முதலில் என் கையெழுத்தைப் பார். மடக்கி மடக்கி எழுதுகிறேன் என்று நீ கேலி செய்வாயே, அதே கை. இதை வேறு யாராலும் எழுத முடியாது. இந்தக் காகிதத்தை நம்பு.

பியோ இல்லை. இந்த ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்பே போய்விட்டான். கோ துன் சிறையில் அவனோடு ஒரே அறையில் இருந்தவர். சட்டைக்கு அளவு கொடுக்கிற சாக்கில் வந்து, "தங்கச்சி, அவன் கடைசியா என் மடியிலதான் தலை வெச்சிருந்தான். தாகம்னு சொல்லல, வலின்னு சொல்லல. அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்கன்னான்" என்றார். உடலை எங்கே கொண்டுபோனார்கள் என்று அவருக்குத் தெரியாது.

அன்று கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனால் அம்மா அந்த வெற்றுத் திரைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். சோற்றில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. என்னால் சொல்ல முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று வைத்தேன். அந்த நாளை வரவே இல்லை.

பியோவின் சிம் என் அடையாள அட்டையில் வாங்கியது. கடைக்குப் போய், தொலைந்துவிட்டது, அதே எண் வேண்டும் என்று கேட்டேன். "ஏங்க்கா, இத்தனை மாசம் கழிச்சா தொலைஞ்சது ஞாபகம் வந்துச்சு?" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான். பிடிபட்ட ஒருவனின் எண்ணை என் பெயரில் வாங்குவது எவ்வளவு முட்டாள்தனம் என்று தெரியும். ஒரு பழைய ஃபோனில் போட்டேன். அம்மாவுக்கு, "சாப்டியாம்மா?" என்று மட்டும் அனுப்பினேன்.

அவள் கூடத்தில் இருந்தாள், நான் பின்கட்டில். அந்தச் சத்தம் இந்த ஜென்மத்தில் மறக்காது. "நுவே! நுவே! கேக்குறான்டி, சாப்டியான்னு கேக்குறான்!" என்று ஓடிவந்தாள். மூட்டுவலிக்காரி ஓடிவந்தாள். அன்றைக்குச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து தினமும். ரகசியமாக ஒரு ஃபோன் கிடைத்திருக்கிறது, யாரிடமும் சொல்லாதே, கூப்பிடாதே என்று எழுதினேன். அவள் என்ன சமைத்தாள் என்று சொல்வாள், நான் கேலி செய்வேன். முதலில் யோசித்து யோசித்து எழுதினேன். பிறகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் செய்கிற எழுத்துப்பிழைகள் தாமாக வந்தன. ஒருநாள் அம்மா, டிரங்குப்பெட்டிச் சாவியை எங்கேடா வைத்தாய் என்று கேட்டாள். கடிகாரத்துக்குப் பின்னாடி என்று எழுதிவிட்டேன். அம்மா கைவிட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கு அது தெரியாது தஸின். சத்தியமாக எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அந்த ஃபோனைத் தொடும்போதெல்லாம் பக்கத்தில் யாரோ எட்டிப் பார்ப்பதுபோல இருக்கிறது. பொழுது சாய்ந்தால் நம் தெரு நாய் படிக்கட்டைப் பார்த்து வாலாட்டுகிறது. அவனைப் போகவிடாமல் நான்தான் பிடித்து வைத்திருக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

உன் கேள்வி வந்தபோது மூடி வைத்திருக்க வேண்டும். "தம்பி, நீதானா" என்று நீ கேட்டிருந்தாய். இல்லை என்று எழுதத்தான் எடுத்தேன். கை வேறொன்றை எழுதியது. லாரிக் கதை உங்கள் இருவருக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்தாயா? அன்று சாயந்திரமே என் மிஷினடியில் வந்து உட்கார்ந்து அழுது சொல்லிவிட்டான். அவன் வாயில் எது தங்கியது?

யாரும் அவனை அடித்துக் கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் யாரும் இல்லை. இனி யாராலும் அவனை அடிக்க முடியாது. நீ கொடுத்து மீட்க அங்கே ஒன்றும் இல்லை.

டோ ஸான் யியை இன்றே திரும்பச் சொல்லியிருக்கிறேன். "என் சரக்கு இன்னும் இறக்கலியே, உங்க அப்பன் வீட்டு பஸ்ஸா?" என்று திட்டினார். காலில் விழுந்தேன். போகிறார்.

இரு. உயிரோடு இரு.

நுவே


மே சோட்
அக்டோபர் 16

நுவே அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன் என்று தெரிவிக்கவே எழுதுகிறேன்.

படகுத்துறையில், ஆற்றைக் கடத்தும் காற்றடைத்த டயர்ப் படகில் கால் வைத்துவிட்டேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது. டோ ஸான் யி. மூச்சு வாங்குகிறது, செருப்பு ஒன்றுதான் இருக்கிறது. "சாகணும்னா சாகு, இதைப் படிச்சிட்டுச் சாகு! ரெண்டு ராத்திரி நான் தூங்கல!" என்று கடிதத்தை என் முகத்தில் அடித்தார். படகுக்காரன், "ஏறுறியா இல்லையாம்மா?" என்று கத்திக்கொண்டிருந்தான். நான் சேற்றில் நின்று படித்தேன்.

நீ அம்மாவுக்குச் சோறு ஊட்டினாய். எனக்கு அவனை உயிரோடு கொடுத்தாய், பிறகு சித்திரவதை செய்தாய், பிறகு கொன்றாய். இந்த மூன்றையும் ஒரே மாதத்தில் பார்த்தேன். கோ துன் வந்த அன்றே நீ எனக்கு எழுதியிருக்கலாம். நான் அம்மா இல்லை, உன் தங்கை. என்னால் தாங்க முடியும் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

அம்மாவிடம் சொல். சொல்லும்வரை எனக்கு எழுதாதே.

தஸின்


மண்டலே
டிசம்பர் 12

தஸினுக்கு,

உன் குளிருக்கு ஒரு போர்வை அனுப்பியிருக்கிறேன். காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இரு.

சொல்லிவிட்டேன். தாமதமாகிவிட்டது, தைரியம் வர அவ்வளவு நாளாயிற்று. காலையில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பழைய ஃபோனை அவள் முன்னால் வைத்தேன். அவளுடைய வார்த்தைகளே எதிர்ப்பக்கத்திலிருந்து தெரிந்தன. கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இத்தனை நாளும் நீயா?"

"நான்தாம்மா."

"அவன்?"

"தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடியே."

பூண்டை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அவன் இவ்வளவு பொறுமையா ஒருநாளும் எனக்குப் பதில் சொன்னதில்லை. உள்ள போய்த் திருந்திட்டான்னு நெனச்சேன்" என்றாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "மத்தியானம் சாப்ட்டேம்மான்னு தெனமும் போடுவியே, நெஜமா சாப்ட்டியா நீ?" என்று கேட்டாள். எழுந்துபோய்த் தட்டில் சோறு போட்டு என் முன்னால் வைத்தாள்.

நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் குரல் உடைந்தது. "பாவி, புள்ளைய இத்தன மாசமா வாசல்லயே நிக்க வெச்சிட்டியேடி. அவன் பேருக்கு ஒரு கைச்சோறு வைக்கலையே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து பிடித்துக்கொண்டாள், குழாயடியில் சண்டை போட்டாளே, அவள்தான்.

மடத்திலிருந்து ஐந்து பிக்குகளை வரவழைத்தோம். மீன்குழம்பு நூடுல்ஸ்தான் சமைத்தாள், அவனுக்குப் பிடித்தது. அவர்கள் ஓதும்போது அம்மா கிண்டிச் செம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வார்த்து, "பியோ, இந்தப் புண்ணியத்துல உன் பங்கை எடுத்துக்கோ. எடுத்துக்கிட்டு நல்ல எடத்துக்குப் போ" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். அன்று சாயந்திரம் நாய் எழுந்திருக்கவில்லை, வாசலில் படுத்தே கிடந்தது.

மறுநாள் அவன் கணக்கை ஆப்பிலிருந்து நீக்கினேன். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்று அம்மாதான் அழுத்தினாள். சிம்மை ஆற்றில் போட்டோம்.

மன்னிப்பு கேட்க எனக்குத் தெரியவில்லை. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நுவே


மே சோட்
பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். போர்வை கதகதப்பாக இருக்கிறது. அம்மாவின் மூட்டும் உன் கண்ணும் எப்படி இருக்கின்றன? எழுதாமல் இருந்ததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. எழுத உட்காரும்போதெல்லாம், உன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிப்பேன். காகிதம் அப்படியே கிடக்கும்.

புதிதாக ஒரு எண் வாங்கியிருக்கிறேன். டோ ஸான் யியிடம் சொல்லியனுப்புகிறேன், எழுதி வைக்க மாட்டேன். உன் ஃபோனில் அந்த ஆப்பை மறுபடி போடு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. எழுத்து வேண்டாம், குரல் வேண்டும். முதலில் அம்மாவைப் பேசச் சொல், பிறகு நீ. நான் எதையும் சோதிக்கமாட்டேன்.

இங்கே மடத்தில் நானும் அவன் பெயரில் தண்ணீர் வார்த்தேன். எல்லோரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. இரண்டு தடவை செத்தவனுக்கு எந்தச் சாவுக்கு அழுவது என்று மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஆப்பில் அவன் பெயரைத் திறந்தேன். நீங்கள் நீக்கிவிட்டீர்கள் என்று தெரிந்துதான் திறந்தேன். "வரும்போது ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம்" என்று எழுதி அனுப்பினேன். ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தேன். போய்ச் சேரவில்லை. வேலைக்குப் போய்த் திரும்பிவந்து பார்த்தேன், அப்போதும் சேரவில்லை.

சேரவில்லை என்று பார்த்த பிறகுதான் அக்கா, எனக்கு அழுகையே வந்தது.

உன்
தஸின்